எண்ணில்லாத் துப்பாக்கியும் சாட்சி சொல்லும்

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே, மூணாறு செல்லும் சாலையில் நீங்கள் பயணம் செய்தது உண்டா? தென்னந்தோப்புகளும் மக்காச்சோள வயல்களும் இருபுறமும் ஓடிவரும். அமராவதி அணைக்கட்டுப் பக்கம் நெருங்கும்போது மலைகள் எழுந்து நிற்கும். ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். கொங்கு நாட்டில் விளைநிலத்தையும் 'காடு' என்கிறோம். மலைவனத்தையும் 'காடு' என்கிறோம். இந்த இரண்டு காடுகளுக்கும் நடுவே வேலி போட்டாலும், காட்டுப்பன்றிக்கு அந்த வேலி ஒரு பொருட்டல்ல. ஒரு பன்றிக் கூட்டம் ஓரிரவில் ஒரு குடும்பத்தின் பருவகால உழைப்பை உழுது தள்ளிவிட்டுப் போய்விடும்.

மலையடிவாரத்தில் காவல் பரணில் விழித்திருக்கும் உழவருக்கு அப்போது ஓர் ஆசை வரலாம்: 'கையில் ஒரு துப்பாக்கி இருந்தால்?' அந்த ஆசைக்கும், வனத்தில் திருட்டு வேட்டை ஆடுவோரின் பேராசைக்கும் தீனி போடுவதுதான் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி. அதற்கு உற்பத்தி எண் இல்லை. தொழிற்சாலை முத்திரை இல்லை. விற்றவர், வாங்கியவர் பற்றிய பதிவேடும் இல்லை. அப்படிப்பட்ட துப்பாக்கியிலிருந்து ஒரு குண்டு பாய்ந்து ஒரு மனிதரோ, யானையோ, கடமானோ வீழ்ந்தால், சுட்டது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தடய அறிவியலின் கடினமான கேள்விகளில் இதுவும் ஒன்று. அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மாற்றப்பட்ட துப்பாக்கி என்றால் என்ன?

சட்டத்துக்குப் புறம்பான துப்பாக்கிகள் பல வகை. முழுக்க முழுக்க ரகசியப் பட்டறையில் உருவானவை ஒரு வகை. தொழிற்சாலையில் முறையாகச் செய்த துப்பாக்கியின் குழலை வெட்டிக் குட்டையாக்கியவை இன்னொரு வகை. மூன்றாவது வகைதான் இன்று உலகம் முழுவதும் காவல் துறைக்குத் தலைவலியாக இருப்பது. ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கி வைக்கவும், திரைப்படக் காட்சிகளுக்கும் பயன்படும் ஓசைத் துப்பாக்கி, காட்சிக்கு வைக்கும் போலித் துப்பாக்கி, காற்றுத் துப்பாக்கி ஆகியவற்றை உண்மையான குண்டு பாயும் ஆயுதமாக மாற்றிவிடுவது.

நம் நாட்டின் ஆயுதச் சட்டம் 1959ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 6ஆம் பிரிவு இதை அப்போதே கவனித்திருக்கிறது. துப்பாக்கியின் குழலைக் குட்டையாக்குவதற்கும், போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக மாற்றுவதற்கும் உரிமம் வேண்டும் என்று அது கூறுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு வகைத் துப்பாக்கியை வேறொரு வகையாக மாற்றுவதையும் இதில் சேர்த்தது. இக்குற்றத்துக்குத் தண்டனை ஏழாண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் முழுவதும் கூட நீளலாம்.

ஒரு சிறு கணக்கு

'காற்றுத் துப்பாக்கி பலூன் சுடுகிற விளையாட்டுப் பொருள்தானே! அதை மாற்றினால் என்ன வந்துவிடப் போகிறது?' என்று சிலர் கேட்கலாம். நீங்கள் இயற்பியலில் படித்த இயக்க ஆற்றல் வாய்பாட்டைக் கொண்டே விடை காணலாம். நிறையில் பாதியைத் திசைவேகத்தின் இருமடியால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும் அல்லவா?

அரை கிராம் எடையுள்ள சிறு ரவை ஒன்று வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கொள்வோம். அதன் ஆற்றல் ஏறத்தாழ 7 ஜூல். இப்போது 8 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு ஒன்று வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அதன் ஆற்றல் 360 ஜூல். ஏறக்குறைய ஐம்பது மடங்கு! வேகம் இரு மடங்குகூட ஆகவில்லை. ஆனால் நிறை பதினாறு மடங்காகிவிட்டது. வேகமோ இருமடியாகக் கணக்கில் சேருகிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் காற்றுத் துப்பாக்கிகளைப் பிரிக்கும்போது 20 ஜூல் என்ற எல்லையைக் குறிப்பிடுவதன் பொருள் இப்போது விளங்கும்.

குண்டுக்கு இந்த 360 ஜூல் ஆற்றலைத் தரும் வெடிப்பு குண்டை மட்டும் தள்ளுவதில்லை. வெடிக்கும் வாயு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே தேர்ந்தெடுத்த எஃகில்தான் தொழிற்சாலைக் குழல்கள் செய்யப்படுகின்றன; அவை கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கப்பட்ட பிறகே வெளியே வருகின்றன. வேறு வேலைக்குச் செய்த குழாய்க்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. ஆகவே மாற்றப்பட்ட துப்பாக்கி வெடித்துச் சிதறினால், முதலில் போவது சுட்டவரின் விரல்களும் கண்ணும்தான். குறி வைக்கப்பட்ட பன்றி தப்பி ஓடிவிடும்.

குழல் இடும் கையெழுத்து

தொழிற்சாலையில் செய்த கைத்துப்பாக்கி அல்லது ரைபிளின் குழலுக்குள் எட்டிப் பார்க்க முடிந்தால், திருகாணியின் புரியைப் போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் தெரியும். குண்டு இப்பள்ளங்களில் சிக்கிச் சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போலவே, சுழலும் குண்டும் தலை குப்புறாமல் நேராகப் போகிறது.

அப்படிப் போகும்போது புரிப்பள்ளங்களின் தடம் குண்டின் மேல் பதிந்துவிடுகிறது. பள்ளங்கள் எத்தனை, அவை வலப்புறம் சுற்றுகின்றனவா இடப்புறமா, அகலம் என்ன என்பவற்றிலிருந்து துப்பாக்கியின் ரகத்தை ஊகிக்கலாம். அதோடு, பள்ளம் வெட்டிய கருவியின் நுண்ணிய பிசிறுகளும், துருவும் தேய்மானமும் ஏற்படுத்திய கீறல்களும் பதிகின்றன. ஒரே நாளில் ஒரே எந்திரத்தில் உருவான இரண்டு குழல்களில்கூட இந்த நுண்கீறல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. வெற்றுத் தோட்டாக் கூட்டின் அடிப்பகுதியிலும் சுடுமுள் குத்திய தழும்பு இருக்கும்.

1920களில் அமெரிக்காவில் கால்வின் காடர்டும் பிலிப் கிரேவலும் ஒப்பீட்டு நுண்ணோக்கியைத் துப்பாக்கி ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு நுண்ணோக்கிகளை ஒரே கண்வில்லையோடு இணைத்தால் எப்படி இருக்கும்? இடப் பாதியில் சம்பவ இடத்துக் குண்டு; வலப் பாதியில் ஆய்வுக்கூடத்தில் சுட்ட சோதனைக் குண்டு. கீறல்கள் நடுக்கோட்டைத் தாண்டித் தொடர்ச்சியாக ஓடினால், இரண்டும் ஒரே குழலிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று வல்லுநர் கருதுகிறார்.

நம் நாட்டிலும் இந்த அறிவியல் புதிதல்ல. சென்னையில் 1849இலேயே வேதியியல் ஆய்வாளர் கூடம் தொடங்கிவிட்டது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் அதுவே. துப்பாக்கி ஆய்வுக்கென ஒரு சிறு கூடம் 1930இல் கல்கத்தாவில் அமைந்தது.

கையெழுத்தே இல்லாவிட்டால்?

இதுவரை சொன்னதெல்லாம் ஒழுங்கான துப்பாக்கிக்கு. குழல் வாய் வழியாகக் கருமருந்தும் ரவையும் திணித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு வருவோம். காவல் துறைச் செய்திகளில் 'ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி' என்று படித்திருப்பீர்கள். இதன் குழல் உட்புறம் வழுவழுப்பானது. புரிப்பள்ளம் கிடையாது. தோட்டாக் கூடும் கிடையாது. எனவே சுடுமுள் தழும்பைத் தேடவும் வழியில்லை. மேலே சொன்ன இரண்டு கையெழுத்துகளுமே இங்கு இல்லை!

மாற்றப்பட்ட கைத்துப்பாக்கியின் சிக்கல் வேறு விதம். அதன் குழலுக்கும் குண்டுக்கும் அளவு சரியாகப் பொருந்தாது. குண்டு குழலில் அங்குமிங்கும் தட்டுத் தடுமாறி வருகிறது. ஒரு முறை பதிந்த கீறல் அடுத்த முறை பதிவதில்லை. மென்மையான உலோகமானால், நாலைந்து முறை சுட்டதுமே குழலின் உட்புறம் மாறிப்போகும். சோதனைக் குண்டும் சம்பவக் குண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், 'வேறு துப்பாக்கி' என்று உடனே சொல்லிவிட முடியாது. 'அதே துப்பாக்கி'தான் என்றும் சொல்ல முடியாது.

தொலைவைக் கணிப்பதும் இப்படித்தான். சிதறிப் பாயும் ரவைகள் தூரம் கூடக்கூட அகலமாகப் பரவும். அந்தப் பரவலை அளந்து, எவ்வளவு தொலைவிலிருந்து சுடப்பட்டது என்று கணக்கிடுவார்கள். ஆனால் குழல் வெட்டப்பட்டதா, கையளவாகப் போட்ட மருந்து எவ்வளவு என்பவற்றைப் பொறுத்து இந்தப் பரவல் மாறுகிறது. புத்தக அட்டவணை இங்கே உதவாது. கைப்பற்றிய அதே துப்பாக்கியால் பல தொலைவுகளிலிருந்து அட்டையில் சுட்டுப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். அந்தத் துப்பாக்கியோ எப்போது வெடித்துச் சிதறும் என்று தெரியாதது. அதனால் அதைத் தாங்கியில் இறுகப் பிணைத்து, மறைவில் நின்று, நீண்ட கயிற்றால் விசையை இழுக்க வேண்டியிருக்கும்.

பழைய வழக்குகள் காட்டும் பாதை

அப்படியானால் கையை விரிக்க வேண்டியதுதானா? இல்லை. புரிப்பள்ளமும் தோட்டாவும் பரவலாவதற்கு முன்பே இங்கிலாந்தில் நடந்த இரண்டு வழக்குகள் நமக்கு வழி காட்டுகின்றன.

வாய்வழித் துப்பாக்கியில் மருந்தும் குண்டும் சரிந்துவிடாமல் இருக்கக் காகிதமோ துணியோ நாரோ அடைப்பார்கள். சுடும்போது இந்த அடைப்பும் வெளியே வந்து விழும். 1784இல் லங்காஸ்டரில் ஜான் டாம்ஸ் என்பவர் மீது கொலை வழக்கு. இறந்தவரின் காயத்தில் கிடைத்த காகித அடைப்பு, டாம்ஸின் சட்டைப்பையில் இருந்த பாட்டுத்தாளின் கிழிந்த ஓரத்தோடு அப்படியே பொருந்தியது. குழல் வாய் திறக்காத சாட்சியைக் கிழிந்த காகிதம் சொல்லிவிட்டது.

1835இல் ஹென்றி காடர்ட் என்ற துப்பறிவாளர் ஒரு வீட்டுக் கொள்ளையை விசாரித்தார். (பெயர் ஒற்றுமைதான், முன்பு சொன்ன காடர்ட் வேறு.) அக்காலத்தில் ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்து அவரவரே குண்டு செய்துகொள்வார்கள். கொள்ளையர் சுட்டதாகச் சொல்லப்பட்ட குண்டில் ஒரு சிறு புடைப்பு இருந்தது. வீட்டு வேலையாளின் குண்டு அச்சைப் பார்த்தால், அதே இடத்தில் ஒரு சிறு குழி! கொள்ளை வெறும் நாடகம் என்பது வெளிப்பட்டது.

இந்த இரு பாடங்களும் நம் மலையடிவாரத்துக்கு அப்படியே பொருந்தும். அடைப்பு லேசானது; ஈயக் குண்டைப் போல் வெகுதூரம் போகாது. சுட்டவர் நின்ற இடத்துக்குச் சில மீட்டர் தூரத்திலேயே விழுந்து கிடக்கும். அது தேங்காய் நாரா, பழைய வேட்டித் துணியா, பள்ளி நோட்டுத் தாளா? துணியானால் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை இழை, என்ன சாயம்? வீட்டில் கிடைத்த மீதித் துணியோடு பொருந்துகிறதா? இப்படியெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆகவேதான் வனத்தில் குற்றம் நடந்த இடத்தைக் காலால் மிதித்துக் கலைத்துவிடக் கூடாது என்கிறார்கள்.

எண் அழிக்கப்பட்ட தொழிற்சாலைத் துப்பாக்கிக்கும் ஒரு வழி உண்டு. நோட்டில் அழுத்தி எழுதிய தாளைக் கிழித்துவிட்டாலும், அடுத்த தாளில் பென்சிலை லேசாகத் தேய்த்தால் எழுத்துத் தெரிகிறதல்லவா? அதுபோல, எண்ணை அடித்துப் பதிக்கும்போது உலோகத்தின் அடி அடுக்குகளும் நசுங்குகின்றன. மேற்பரப்பை அராவித் தள்ளினாலும், தக்க வேதிக் கரைசலைத் தடவினால் நசுங்கிய பகுதி வேறு விதமாக அரிக்கப்பட்டு, எண் மங்கலாக எழுந்து வரும்.

தீபாவளி மறுநாள் ஒரு சங்கடம்

சுட்டவரின் கையில் படியும் புகைத்துகளும் ஒரு தடயம். இக்காலத் தோட்டாக்களின் எரிப்பூட்டியில் பெரும்பாலும் ஈயம், பேரியம், ஆன்டிமனி ஆகிய மூன்றும் உண்டு. இந்த மூன்றும் ஒரே உருண்டைத் துகளில் சேர்ந்திருந்தால், அதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் நாட்டுத் துப்பாக்கியில் எரிவது கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி இவைதான் அதில் உள்ளவை. எரிந்தபின் மிஞ்சுவன பொட்டாசியம், கந்தகச் சேர்மங்கள். சரி, உங்கள் வீட்டு மத்தாப்பிலும் வெடியிலும் இருப்பவை என்ன? ஏறக்குறைய இவைதாமே! தீபாவளிக்கு மறுநாள் ஊரில் எவர் கையைத் துடைத்துச் சோதித்தாலும் இவை கிடைக்கும். கோயில் திருவிழாவில் வாணவேடிக்கை விட்டவர் கையிலும் கிடைக்கும். இதை மறந்துவிட்டு ஓர் ஆய்வாளர் 'இவர் துப்பாக்கி சுட்டவர்' என்று எழுதிவிட்டால், குற்றமற்ற ஒருவர் சிறைக்குப் போக நேரிடும். 'எனக்கு எவ்வளவு தெரியும்' என்பதோடு, 'இந்தத் தடயம் எவ்வளவுதான் சொல்லும்' என்பதையும் அறிக்கையில் எழுதுவதே விஞ்ஞானியின் கடமை.

பெரிய நிறுவனங்களே இதில் தவறி, பின்பு திருத்திக்கொண்டதுண்டு. ஈயக் குண்டின் வேதிக் கலவையை ஒப்பிட்டு, 'இது இன்னார் வைத்திருந்த பெட்டியிலிருந்து வந்தது' என்று அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை பல்லாண்டுகள் சொல்லிவந்தது. அதன் அடிப்படை போதாது என்று தெரிந்ததும் 2005இல் அந்தச் சோதனையையே நிறுத்திவிட்டது. குண்டின் கீறல்களை ஒப்பிடும் முறைக்கும் இன்னும் உறுதியான அறிவியல் அடித்தளம் தேவை என்று அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்குழு 2009இல் எடுத்துரைத்தது.

உலகம் எங்கும் ஒரே கவலை

2015 ஜனவரியில் பாரிஸ் நகரில் பயங்கரவாதிகள் பயன்படுத்திய துப்பாக்கிகளில் சில, ஸ்லோவாக்கியாவில் ஓசைத் துப்பாக்கிகளாகச் சட்டப்படி விற்கப்பட்டு, பின்பு மீண்டும் குண்டு பாயுமாறு மாற்றப்பட்டவை. 2016இல் மியூனிக் நகரில் ஒன்பது பேரைக் கொன்ற இளைஞனின் கைத்துப்பாக்கியும் செயலிழக்கச் செய்யப்பட்டுப் பிறகு உயிர்பெற்றதுதான். இதன்பின் ஐரோப்பிய நாடுகள், துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்வதற்கே கடுமையான பொது விதிகளை வகுத்தன. எளிதில் மாற்றக்கூடியவை என்று தெரிந்ததால், துருக்கியில் செய்த சில ஓசைத் துப்பாக்கிகளை 2025இல் பிரிட்டன் தடை செய்தது. அதற்கு முன், தண்டனையின்றி ஒப்படைக்க மக்களுக்கு அவகாசமும் தந்தது.

நம் கொங்குப் பகுதியில் தெருவுக்கு ஒரு லேத்துப் பட்டறை உண்டு. இரும்பை நூலிழை பிசகாமல் கடையும் திறமையால்தான் கோவையின் பம்புகளும் மோட்டார்களும் நாடெங்கும் போகின்றன. ஆனால் அறிவு கத்தியைப் போன்றது. காய் நறுக்கவும் செய்யும், கையை வெட்டவும் செய்யும். 2022 மே மாதம் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே நடந்த வாகனச் சோதனையில், இரு இளைஞர்களிடம் தாங்களே உருவாக்கிய துப்பாக்கிகள் பிடிபட்டன. அந்த வழக்கைப் பின்பு தேசியப் புலனாய்வு முகமையே எடுத்துக்கொண்டது. படித்த படிப்பு, பெற்றோர் கனவு எல்லாம் ஒரே இரவில் வழக்குக் கட்டாக மாறிவிட்டன.

உழவருக்கு என்ன வழி?

சட்டம் உழவரை மறந்துவிடவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க ஆயுதச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்கு எண் உண்டு, பதிவேடு உண்டு, பொறுப்பானவர் உண்டு. ஆனால் அந்த உரிமம் வனவிலங்கைக் கொல்லும் அனுமதி ஆகாது. அதற்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. காட்டுப்பன்றிச் சேதத்துக்குத் தீர்வாக, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்ற ஏற்பாட்டைத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது. மலையை ஒட்டிய நிலங்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. அங்கே வேலி, காவல், இழப்பீடு ஆகியவையே வழி. அவை உரிய காலத்தில் கிடைத்தால்தான் கள்ளத் துப்பாக்கியின் ஆசை குறையும். துப்பாக்கிக் கட்டுப்பாடு காவல் நிலையத்தில் மட்டும் நடப்பதில்லை. மக்காச்சோள வரப்பிலும் நடக்கிறது.

தோப்பிலோ ஓடையிலோ பழைய துப்பாக்கி போன்ற ஏதேனும் கிடப்பதைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? தொடாதீர்கள். அதில் மருந்து திணித்தபடியே இருக்கலாம். விளையாட்டுக்குக்கூடக் கையில் எடுக்காமல் பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் சொல்லுங்கள். நீங்கள் தொடாமல் விட்டால் உங்கள் உயிரும் பத்திரம். அதன்மேல் உள்ள கைரேகையும் பத்திரம்.

செய்து பாருங்கள்

தடய அறிவியலை உணரத் துப்பாக்கி தேவையில்லை. ஒரே கடையில் வாங்கிய, ஒரே அளவான இரண்டு திருப்புளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சோப்புக் கட்டியின் மேல் ஒவ்வொன்றையும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இழுத்து இரண்டு தடங்கள் போடுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்த தடங்களில் கோடுகள் வேறுபடுவதைக் காண்பீர்கள். இப்போது நண்பர் ஒருவர், எது என்று சொல்லாமல், ஒரு திருப்புளியால் மூன்றாவது தடம் போடட்டும். எந்தத் திருப்புளி என்று உங்களால் சொல்ல முடிகிறதா? பத்து முறை செய்து, எத்தனை முறை சரி, எத்தனை முறை தவறு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சாய்வை மாற்றிச் செய்து பாருங்கள். தவறுகள் கூடுகின்றனவா?

அந்தத் தவறுகளின் எண்ணிக்கையை அழித்துவிடாதீர்கள். பத்தில் எத்தனை முறை தவறினோம் என்பதை மறைக்காமல் எழுதுபவர் சொல்லும் சாட்சியைத்தான் ஒரு நீதிபதி நம்ப முடியும். ஓர் உயிரின் விதியை அதன்மேல் வைக்க முடியும்.